நவம்பர் 20 நிகழ்ச்சிக்கு நம்ம பக்கத்து திருநர் வரலாற்றுல இருந்து யாரையெல்லாம் சொல்லலாம்?

வரலாறு_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருச்சில எம்.ஏ. ஹிஸ்டரி படிக்கிறேன். எங்க டிபார்ட்மெண்ட்ல நவம்பர் 20 அன்னிக்கு திருநர் நினைவு நாள் நிகழ்ச்சி நடத்துறோம். போன வருஷமும் நடத்தினோம், மெழுகுவத்தி ஏத்தி வச்சு நெட்ல இருந்து எடுத்த ஒரு லிஸ்டை வாசிச்சோம், பிரேசில், மெக்சிகோ, அமெரிக்கான்னு பேர் பேரா போய்க்கிட்டே இருந்துச்சு, வாசிச்ச பொண்ணுக்கு பாதி பேரை எப்படி உச்சரிக்கணும்னே தெரியல. சிறப்பு விருந்தினரா ஒரு திருநங்கை அம்மா வந்திருந்தாங்க, வயசு அறுபதுக்கு மேல இருக்கும். எல்லாம் முடிஞ்சு டீ குடிக்கும்போது எங்க மேடம்கிட்ட "ஏம்மா, நம்ம பக்கம் யாரும் சாகலையா, யாரும் சண்டை போடலையா?"ன்னு கேட்டாங்க. மேடமும் பதில் சொல்லல, நாங்களும் சொல்லல.

இந்த வருஷம் ஒழுங்கா பண்ணணும்னு இருக்கோம். ஒரு மணி நேரம், ஒரு சின்ன ஹால், சுவத்துல பத்து பன்னெண்டு சார்ட் ஒட்டலாம். சிலபஸ்ல இதைப் பத்தி ஒரு வரி கூட கிடையாது. இலக்கியத்துல தேடினேன், மணிமேகலைல மலர்வனம் புக்க காதைல புகார் தெருவுல பேடி (திருநங்கை மாதிரி ஆட்களுக்கு அந்தக் காலத்து வார்த்தை) ஆடுறதை கூட்டம் நின்னு பாக்குற இடம் ஒண்ணு இருக்கு, அதுவும் வேடிக்கை பாக்குறவங்க கண்ணுல இருந்துதான். நிஜமா வாழ்ந்தவங்க, போராடினவங்க பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். இந்தியா, தமிழ்நாடு முக்கியம், வெளிநாடும் பரவால்ல.

ஆவணப்பிரியன்:

நல்ல கேள்விம்மா. நான் ஒரு பேர்ல இருந்து தொடங்கச் சொல்வேன், அவங்க பேர் பூரா. வட இந்தியால மெயின்புரி பக்கம் வாழ்ந்த ஒரு ஹிஜ்ரா (வடக்க திருநங்கையரை இப்படித்தான் சொல்வாங்க) குரு. 1852 ஆகஸ்ட்ல கொலை செய்யப்பட்டாங்க. கூட ரெண்டு சேலாக்கள், அதாவது சிஷ்யைங்க, இருந்தாங்க, ஒரு ஆளோட சேர்ந்து வாழ்ந்து அவரை விட்டுட்டு வேற ஒருத்தர்கிட்ட போனதுனால அந்த பழைய ஆளுதான் ஆத்திரத்துல கொன்னுட்டான்னு கோர்ட்டு முடிவுக்கு வந்துச்சு. அதோட முடிஞ்சிருக்கணும் வழக்கு. ஆனா அந்த விசாரணைல வெள்ளைக்கார நீதிபதிங்க பேசினது பூரா கேஸைத் தாண்டி அந்த சமூகத்தையே பத்தி, பிச்சைக்காரங்க, ஒழுக்கம் கெட்டவங்க, ஊருக்கு ஆபத்துன்னு. செத்தவங்களுக்கு நியாயம் கேக்க வந்த வழக்கு செத்தவங்க ஆளுங்களையே குற்றவாளியா நிறுத்திடுச்சு. அங்க ஆரம்பிச்ச பேச்சு இருபது வருஷத்துல சட்டமாவே வந்துடுச்சு.

1871 குற்றப்பரம்பரைச் சட்டம்னா நமக்கு பெருங்காமநல்லூர் ஞாபகம் வரும், கள்ளர், குறவர்னு சாதி சாதியா கைரேகை எடுத்தது ஞாபகம் வரும். அந்த முதல் சட்டத்துக்கு ரெண்டாவது பகுதின்னு ஒண்ணு இருந்தது பல பேருக்கு தெரியாது, அது முழுக்க இவங்களுக்காகவே எழுதினது. போலீஸ் ஒரு ரிஜிஸ்டர் போடும், குழந்தை கடத்துறதாவோ 377-வது பிரிவு ("இயற்கைக்கு மாறான" உறவு) குற்றம் பண்றதாவோ "சந்தேகம்" இருந்தா போதும், பேர், வீடு எல்லாம் அதுல ஏறிடும், சொத்து விவரமும் கேப்பாங்க. பேர் ஏறினவங்க சேலையோ நகையோ போட்டுக்கிட்டு தெருவுல நின்னாலோ, தெருவுல போறவங்க கண்ணுல படுற மாதிரி எங்கயாச்சும் நின்னாலோ, பொது இடத்துல ஆடினாலோ பாடினாலோ, கூலி வாங்கிட்டு ஒரு வீட்டுக்குள்ள ஆடினா கூட வாரண்ட் இல்லாம கைது, 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். 16 வயசுக்கு கீழ உள்ள பையன் கூட இருந்தா அதுக்கு தனியா தண்டனை. உயில் எழுத முடியாது, தானம் கொடுக்க முடியாது, தத்தெடுக்க முடியாது.

கடைசி வரியை நல்லா கவனிங்க. குரு–சேலா உறவே ஒருத்தர் சேத்து வச்சதை அடுத்தவங்களுக்கு விட்டுட்டுப் போறதுல நிக்குது. உயிலும் தத்தும் இல்லைன்னா அந்தக் குடும்பம் ஒரு தலைமுறையோட அறுந்துடும், அதிகாரிங்க எதிர்பார்த்ததும் அதுதான், கொஞ்சம் கொஞ்சமா இல்லாமலே போயிடணும்னு அவங்க கடிதங்கள்லயே எழுதியிருக்காங்க. இதுக்கு முன்னாடி மராட்டியர் ஆண்ட பக்கம் ஹிஜ்ராக்களுக்கு நில மானியமும் ஊர்ல தானியம் வசூலிக்கிற உரிமையும் இருந்துச்சு, கம்பெனி ஆட்சி வந்து அது சேலாவுக்கு போறதை நிறுத்திடுச்சு. வயித்துல அடிச்சுட்டு அப்புறம் பிச்சைக்காரங்கன்னு பேர் வச்சாங்க.

ஒண்ணு மட்டும் சார்ட்ல சரியா போடுங்க, இந்த ரெண்டாவது பகுதி நடைமுறைக்கு வந்தது வடமேற்கு மாகாணம், அவத், பஞ்சாப் பக்கம். சென்னை மாகாணத்துக்கு குற்றப்பரம்பரைச் சட்டம் 1911 சட்டத்தோடதான் வந்துச்சு, அந்த 1911 சட்டத்துல இந்தப் பகுதியை எடுத்துட்டாங்க. அதனால நம்ம ஊர்லயும் ரிஜிஸ்டர் போட்டாங்கன்னு எழுதிடாதீங்க, யாராச்சும் கேட்டா மொத்த நிகழ்ச்சி மேலயும் நம்பிக்கை போயிடும்.

ஆனா வாடை போகல. ஹைதராபாத் நிஜாம் ஆட்சில 1919-ல கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு சட்டம் வந்துச்சு, அது புஸ்தகத்துல அப்படியே கிடந்து, வைஜயந்தி வசந்த மோக்லி மாதிரி ஆட்கள் கோர்ட்டுக்கு போய்தான் தெலங்கானா ஹைகோர்ட்டு 2023 ஜூலைல அதை ரத்து பண்ணுச்சு. கர்நாடகா போலீஸ் சட்டத்துல 2011-ல 36ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, அதுலயும் ரிஜிஸ்டர்தான். அங்க இருக்கிற அமைப்புங்க கேஸ் போட்ட பிறகுதான் மாத்தினாங்க. 1871-ஐயும் 2011-ஐயும் பக்கத்துல பக்கத்துல ரெண்டு சார்ட்டா ஒட்டுங்க, பசங்களே படிச்சு புரிஞ்சுக்குவாங்க.

கரூர்_பாலா:

பூரா பத்தி இன்னிக்குதான் கேள்விப்படுறேன், நன்றி சார். எனக்கு ஒரு டவுட்டு, நவம்பர் 20-னு ஏன் வச்சாங்க? வெளிநாட்டு நாள்தானே, நமக்கு தமிழ்நாட்டுல ஏப்ரல் 15 திருநங்கையர் தினம்னு ஒண்ணு இருக்கே, இதை விட்டுட்டு அன்னிக்கே பண்ணலாமே.

நிலா_ரீடர்:

பாலா, ரெண்டும் வேற வேற. ஏப்ரல் 15 நம்ம நல வாரியம் அமைச்ச நாள், அது சந்தோஷமா கொண்டாடுற நாள். நவம்பர் 20 கொலையானவங்களை நினைக்கிற நாள். 1998 நவம்பர் 28 அன்னிக்கு பாஸ்டன் ஆல்ஸ்டன் பகுதில ரீட்டா ஹெஸ்டர்னு ஒரு கறுப்பின திருநங்கையை அவங்க வீட்டுக்குள்ளயே குத்திக் கொன்னுட்டாங்க. பத்திரிகைல அவங்க பேரை மேற்கோள் குறிக்குள்ள போட்டு "அவன்"னு எழுதினாங்க. அவங்க தோழிங்களுக்கு இது இன்னொரு பெரிய அடியா இருந்துச்சு. அடுத்த வருஷம் க்வெண்டோலின் ஆன் ஸ்மித்னு ஒரு திருநங்கை, கொலையானவங்க பேரை எல்லாம் இணையத்துல சேத்து வைக்க ஆரம்பிச்சாங்க, 1999-ல முதல் நினைவுக் கூட்டம் நடந்துச்சு. அதனால அந்த லிஸ்ட் வாசிக்கிறது வெறும் சடங்குன்னு நான் நினைக்கல, பேரைத் தப்பா எழுதினதுக்கு எதிரா பேரைச் சரியா சொல்றதுதான் அது. உச்சரிப்பை மட்டும் முன்னாடியே பழகிட்டு வாசிங்க.

வெளிநாட்டுல இருந்து எடுக்கிறதா இருந்தா எல்லாரும் மார்ஷா பி. ஜான்சன், ஸ்டோன்வால் (நியூயார்க்ல ஒரு பார்ல போலீஸ் ரெய்டை எதிர்த்து வெடிச்ச கலவரம்), 1969-னு போயிடுவாங்க. போகட்டும், தப்பில்ல, மார்ஷாவும் சில்வியா ரிவேராவும் வீடில்லாத திருநங்கை பசங்களுக்காக 1970-ல ஸ்டார்னு ஒரு அமைப்பு நடத்தினாங்க, கையில காசே இல்லாம தங்க இடம் கொடுத்தாங்க, 1973 பேரணி மேடைல சில்வியா ஜெயில்ல இருக்கிற தன் ஆளுங்களைப் பத்தி பேசப் போனப்ப சொந்தக் கூட்டமே கூச்சல் போட்டு இறங்கச் சொல்லுச்சு. மார்ஷா உடம்பு 1992 ஜூலைல ஹட்சன் ஆத்துல கிடைச்சது, போலீஸ் தற்கொலைன்னு ஃபைலை மூடிட்டாங்க, தோழர்கள் இருபது வருஷம் விடாம கேட்டு 2012-ல திரும்ப திறக்க வச்சாங்க.

ஆனா ஸ்டோன்வாலுக்கும் மூணு வருஷம் முன்னாடி, 1966 ஆகஸ்ட்ல சான் பிரான்சிஸ்கோல காம்ப்டன்ஸ் கேஃபடீரியான்னு ராத்திரி முழுக்க திறந்திருக்கிற ஒரு ஹோட்டல்ல, போலீஸ்காரர் ஒருத்தர் ஒரு திருநங்கை கையைப் பிடிச்சப்போ அவங்க கையில இருந்த காபியை மூஞ்சில ஊத்தினாங்க. அப்புறம் கடையே சண்டைக்களம், நாற்காலி, கப்பு, சாஸர், கண்ணாடின்னு எல்லாம் உடைஞ்சுச்சு. சூசன் ஸ்ட்ரைக்கர்னு ஒரு வரலாற்று ஆய்வாளர் (அவங்களே திருநங்கை) பழைய ஆவணக் கட்டுல ஒரு சின்னக் குறிப்பைப் பாத்து, அன்னிக்கு அங்க இருந்தவங்களைத் தேடிப் போய் பேசி, அப்படித்தான் அந்த சம்பவமே வெளிய வந்துச்சு. எந்தத் தேதின்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, ஏன்னா எழுதி வைக்க அன்னிக்கு யாருக்கும் தோணல. ஹிஸ்டரி ஸ்டூடண்ட்ஸ்க்கு இதைக் கண்டிப்பா சொல்லுங்க, இது உங்க வேலைதான்.

பெர்லின் ஒரு சார்ட் போடுங்க. 1919-ல மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட்னு ஒரு டாக்டர் பாலியல் ஆய்வு நிலையம் ஆரம்பிச்சார். அவர் லெட்டர் கொடுத்தா பெர்லின் போலீஸ் திருநர்களுக்கு ஒரு சீட்டு கொடுப்பாங்க, அதைக் காட்டினா பொம்பளை துணி போட்டு நடந்ததுக்காக கைது பண்ண மாட்டாங்க. அங்க வீட்டு வேலை பாத்த டோரா ரிக்டர்தான் 1931-ல பெண்ணுறுப்பு அமைக்கிற அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்ட முதல் ஆட்கள்ல ஒருத்தர். 1933 மே 6 நாஜி மாணவர் கூட்டம் புகுந்து சூறையாடுச்சு, மே 10 ராத்திரி நூலகத்தை ஒரு சதுக்கத்துல போட்டு கொளுத்தினாங்க. நாஜிகள் புத்தகம் எரிக்கிற அந்தப் பிரபலமான போட்டோவை எல்லாரும் பாத்திருப்போம், அதுல எரியுறதுல இந்த நூலகமும் உண்டுன்னு பாடப்புத்தகம் சொல்றதில்ல. டோரா அந்தத் தாக்குதல்லயே செத்துட்டாங்கன்னு ரொம்ப வருஷம் எழுதினாங்க, தப்பிச்சுப் போய் பல வருஷம் வாழ்ந்தாங்கன்னு சமீபத்துலதான் கண்டுபிடிச்சாங்க. அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

ஆவணப்பிரியன் சார் சொன்ன ரிஜிஸ்டரையும் இந்தச் சீட்டையும் சேத்து யோசிங்க. ரெண்டுமே போலீஸ் பேப்பர், ஒண்ணு தெருவுல நின்னா பிடிக்கிறதுக்கு, இன்னொண்ணு நிக்க விடுறதுக்கு.

விழுப்புரம்_சித்ரா:

எல்லாத்தையும் படிச்சேன் கண்ணுங்களா. நான் திருநங்கை, விழுப்புரம் பக்கம். படிச்சவங்க பேசுற இடத்துல நான் என்னத்த சொல்றதுன்னு பாத்தேன், ஆனா அந்த அம்மா கேட்ட கேள்வி என் மனசுல ஒட்டிக்கிச்சு, அதனால சொல்றேன்.

எங்கள்ல ஒருத்தி செத்தா என்ன ஆகும்னு தெரியுமா? இருபது வருஷமா எட்டிப் பாக்காத அண்ணன் தம்பி வருவான். பொணத்தை வாங்குறதுக்கு சட்டப்படி அவந்தான், நாங்க யாரும் இல்ல. ஜமாத்துல (எங்க திருநங்கைங்க சேர்ந்து இருக்கிற குடும்பம் அது) அம்மான்னு கூப்பிட்டவ, மகள்னு சோறு போட்டவ எல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல நிப்போம். எங்கக்கா ஒருத்தி போனப்ப, முடியை வெட்டி, வேட்டி சட்டை போட்டு, பதினெட்டு வயசுல எடுத்த மீசை வச்ச போட்டோவை தேடி எடுத்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டினாங்க. அந்தப் பேரை நாங்க ஒருத்தரும் கேட்டதே இல்ல. போஸ்டருக்கு முன்னாடி நின்னுதான் எங்களுக்கே தெரிஞ்சுது. பாஸ்டன்ல அந்தப் பொண்ணு பேரை அப்படி எழுதினாங்கன்னு நிலா சொன்னதும் எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு.

எங்க ஊர்ல துக்கம் கொண்டாட எங்களுக்குன்னு ஒரு நாள் உண்டு, அது கூவாகம். சித்திரைல கூத்தாண்டவர் கோயில் திருவிழா, பதினெட்டு நாள். டிவிக்காரங்க எல்லாம் அழகிப்போட்டியையும் தாலி கட்டுறதையும் எடுத்துட்டு போயிடுவாங்க. அடுத்த நாளைத்தான் பாக்கணும். அரவான் தலையைப் பலி கொடுத்த பிறகு பூசாரி தாலியை அறுப்பார், வளையலை உடைப்பாங்க, பூவைப் பிச்சுப் போடுவாங்க, குளிச்சுட்டு வெள்ளைச் சேலை கட்டுவோம். ஒப்பாரி வைப்போம். சாமிக்காக மட்டும் அழுறதுன்னா நினைக்கிறீங்க? அந்த வருஷம் போனவ, ஆள் வச்சு அடிச்சுக் கொல்லப்பட்டவ, தண்டவாளத்துல தலை வச்சவ, எய்ட்ஸ்ல ஆஸ்பத்திரில சேத்துக்காம போனவ, எல்லார் பேரையும் சொல்லிச் சொல்லி அழுவோம். அந்த ஒப்பாரியில வர்ற பேருதான் எங்க லிஸ்ட். யாரும் எழுதி வைக்கல.

அதனால நான் சொல்றது, உங்க ஊர் ஜமாத்து பெரியவங்ககிட்ட போய் உக்காருங்க. போன கையோட செல்போனை நீட்டாதீங்க, ரெண்டு மூணு தடவை போய் பேசுங்க, டீ கொடுத்தா குடிங்க. யாரெல்லாம் போயிட்டாங்கன்னு கேளுங்க, அவங்க சமையல் நல்லா பண்ணுவாங்களா, கரகம் ஆடுவாங்களா, யாரை வளத்தாங்கன்னு கேளுங்க. எந்தப் பேரைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாதுன்னு அவங்கதான் முடிவு பண்ணணும். சிலர் வீட்டுக்கு இன்னும் தெரியாது. போட்டோ கேட்டு வாங்காதீங்க, அவங்களா கொடுத்தா வாங்குங்க. அப்புறம் எங்களைக் கூப்பிட்டா ஆட மட்டும் கூப்பிடாதீங்க, பேசக் கூப்பிடுங்க.

கதிர்_திருநம்பி:

சித்ராம்மா, படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. அந்தப் போஸ்டர் விஷயம் எங்க பக்கமும் இருக்கு, ஆனா எங்களுக்கு ஜமாத்தும் கிடையாது, வாசல்ல நிக்கக் கூட ஆள் இல்லாம போயிடுறோம்.

இத்தனை பதிவுலயும் திருநம்பி (பெண்ணா பொறந்தாங்கன்னு சொல்லப்பட்டு ஆணா வாழ்றவங்க) ஒருத்தர் பேரும் வரலையே, அதான் எழுதுறேன். கோவிச்சுக்கிட்டு சொல்லல. எங்க வரலாறு தெருவுல தெரியாது, ஏன்னா நாங்க பெரும்பாலும் வீட்டுக்குள்ள பூட்டப்பட்டவங்க, கட்டாயக் கல்யாணம் பண்ணி அனுப்பப்பட்டவங்க. மைக்கேல் டில்லன்னு ஒருத்தர், அவரைச் சேத்துக்கோங்க, அவர் உயிர் போனது நம்ம நாட்டுலதான்.

1915-ல லண்டன்ல பொறந்தவர், அயர்லாந்து பிரபு குடும்பம். ரெண்டாம் உலகப்போர் சமயம் பிரிஸ்டல்ல ஒரு கராஜ்ல வேலை பாத்துக்கிட்டு, ராத்திரி குண்டு விழுந்தா தீ பாக்குற காவலுக்கும் இருந்தார். கூட வேலை செஞ்சவங்க அவரைப் பத்தி வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லி சிரிப்பாங்க. ஆண் ஹார்மோன் எடுத்துக்கிட்டார், பிறப்புச் சான்றிதழை மாத்தினார், டப்ளின்ல மருத்துவம் படிச்சார். போர்ல மூஞ்சி எரிஞ்ச சிப்பாய்ங்களுக்கு பிளாஸ்டிக் சர்ஜரி செஞ்ச ஹெரால்டு கில்லிஸ்தான் இவருக்கும் 1946-ல இருந்து ஒண்ணு ஒண்ணா பல ஆபரேஷன் பண்ணினார். டாக்டர் படிப்பு படிச்சுக்கிட்டே லீவுல போய் ஆபரேஷன் டேபிள்ல படுத்தவர் இவர். அப்புறம் கப்பல் டாக்டர் ஆனார்.

1958-ல மாட்டிக்கிட்டார். இங்கிலாந்துல பிரபு குடும்பங்களைப் பட்டியல் போடுற ரெண்டு புஸ்தகத்துல ஒண்ணுல தம்பின்னும் இன்னொண்ணுல தங்கச்சின்னும் இருந்ததை எவனோ கவனிச்சுட்டான். கப்பல் துறைமுகத்துல நிக்கும்போதே நிருபருங்க வந்துட்டாங்க. எல்லாத்தையும் விட்டுட்டு இந்தியா வந்துட்டார். சாரநாத்ல இருந்தார், புத்த பிக்கு ஆகணும்னு ஆசைப்பட்டார், மூணாம் பாலினத்துக்கு முழு தீட்சை கொடுக்கக்கூடாதுன்னு விதியைக் காட்டி அங்கயும் தடை வந்துச்சு. கடைசில லடாக்ல ரிஸோங் மடத்துல இளம்பிக்குவா சேத்துக்கிட்டாங்க. 45 வயசு ஆள், டப்ளின்ல படிச்ச டாக்டர், சின்னப் பசங்களோட உக்காந்து சமையல்கட்டு வேலை செஞ்சிருக்கார், அதை சந்தோஷமா எழுதியும் வச்சிருக்கார். 1962 மே மாசம் டல்ஹவுசில இறந்துட்டார், 47 வயசு. தன் வரலாற்றை எழுதி முடிச்சு லண்டனுக்கு தபால்ல அனுப்பி கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. அண்ணன் அதை எரிக்கச் சொன்னார். பதிப்பு வேலை பாத்தவங்க எரிக்காம வச்சிருந்ததுனால ஐம்பது வருஷத்துக்கு மேல கழிச்சு அது அச்சுல வந்துச்சு.

எனக்கு பத்தொன்பது வயசுல இந்த ஆள் கதை கிடைச்சிருந்தா நான் உலகத்துல தனி ஆள்னு நினைச்சிருக்க மாட்டேன். உங்க ஹால்ல அப்படி ஒரு பையன் பின் வரிசைல உக்காந்திருப்பான், பேர் சொல்ல மாட்டான், அவனுக்காக ஒரு சார்ட் போடுங்க.

முத்து_சேலம்:

எல்லாம் நல்ல தகவல். ஆனா நினைவு நாள்னா அமைதியா அஞ்சலி செலுத்துறதோட நிறுத்திக்கலாம்னு எனக்கு தோணுது. சட்டம், போராட்டம், இடஒதுக்கீடுன்னு போனா அரசியல் ஆயிடும், காலேஜ்லயும் பிரச்சனை வரும். மனசுல பட்டதைச் சொன்னேன்.

வக்கீல்_மதுரை:

முத்து சார், காலேஜ்ல பிரச்சனை வரும்னு நீங்க சொல்றது நியாயமான கவலை, பிரின்சிபால்கிட்ட முன்னாடியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிடுங்க. ஆனா சட்டத்தை விட்டுட்டு அஞ்சலி செலுத்த முடியாது. ஒரு உதாரணம் போதும், 2019-ல பார்லிமெண்ட் கொண்டு வந்த திருநர் பாதுகாப்புச் சட்டத்துல திருநங்கை மேல பாலியல் வன்முறை பண்ணினா தண்டனை 6 மாசத்துல இருந்து 2 வருஷம்னு போட்டாங்க. அதே குற்றம் வேற ஒரு பொண்ணுக்கு நடந்தா குறைஞ்சது 10 வருஷம். கொலையானவங்களுக்கு மெழுகுவத்தி ஏத்துற இடத்துல இந்த ரெண்டு நம்பரையும் சொல்லாம எப்படி இருக்கிறது?

தமிழ்நாடு பக்கம் சொல்றதுக்கு நிறைய இருக்கு. 2008 ஏப்ரல் 15 அரவாணிகள் நல வாரியம், இந்தியாலயே முதல். அரசு கருணையா கொடுத்ததுன்னு பேசுவாங்க, அப்படி இல்ல, அதுக்கு முன்னாடி பல வருஷம் ரேஷன் கார்டு இல்ல, ஓட்டு இல்ல, ஆஸ்பத்திரில வார்டு இல்லன்னு கலெக்டர் ஆபீஸ் கலெக்டர் ஆபீஸா மனு கொடுத்து நின்னவங்க இருக்காங்க. எழுத்துலயும் அப்படித்தான், ஆ. ரேவதி, பிரியா பாபு, லிவிங் ஸ்மைல் வித்யா எல்லாம் தங்கள் வாழ்க்கையை தாங்களே தமிழ்ல எழுதினாங்க, வேடிக்கை பாத்தவங்க எழுதினது போதும்னு. பிரியா பாபு மதுரைல திருநங்கையர் ஆவண மையம்னு ஒண்ணு நடத்துறாங்க. முதல்ல அங்க போங்க.

2014-ல அதே ஏப்ரல் 15 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட்டு நால்சா தீர்ப்பு (தேசிய சட்டப் பணிகள் ஆணையம் போட்ட வழக்கு). நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி. நான் ஆணா பெண்ணா மூணாவதான்னு நானே சொல்லலாம், ஆபரேஷன் கேக்கக் கூடாதுன்னாங்க. மேல சொன்ன 1871 சட்டத்தைப் பத்தியும் அந்தத் தீர்ப்புலயே இருக்கு. அடுத்த வருஷம் பிரித்திகா யாஷினின்னு ஒரு திருநங்கை. எஸ்.ஐ. வேலைக்கு அப்ளை பண்ணினப்ப ஃபார்ம்ல ஆண், பெண் ரெண்டுதான் இருந்துச்சு, நிராகரிச்சாங்க. ஒவ்வொரு கட்டத்துக்கும் கோர்ட்டுக்கு வந்தாங்க, எழுத்துத் தேர்வுக்கு ஒரு தடவை, உடல் தகுதித் தேர்வுக்கு ஒரு தடவைன்னு. 2015 நவம்பர்ல சென்னை ஹைகோர்ட்டு வேலை கொடுக்கச் சொல்லிடுச்சு, 2017-ல எஸ்.ஐ. ஆனாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி போலீஸ் ரிஜிஸ்டர்ல பேர் ஏத்தப்பட்ட சமூகத்துல இருந்து ஒருத்தர் ஸ்டேஷன்ல உக்காந்து எஃப்.ஐ.ஆர். எழுதுறாங்க.

மதுரை கிளைல 2019 ஏப்ரல் 22 வந்த அருண்குமார்–ஸ்ரீஜா தீர்ப்பும் முக்கியம். தூத்துக்குடில கோயில்ல நடந்த கல்யாணத்தை ரிஜிஸ்டர் பண்ண மாட்டேன்னுட்டாங்க. இந்து திருமணச் சட்டத்துல மணமகள்னா அது திருநங்கையும்தான்னு நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பு சொன்னார். அதே தீர்ப்புலதான் இடைபாலின (ஆண் உடல், பெண் உடல்னு சட்டுனு பிரிக்க முடியாம பொறக்கிற) குழந்தைகளுக்கு விவரம் தெரியாத வயசுல ஆபரேஷன் பண்றதை நிறுத்தச் சொன்னார், அரசாணையும் வந்துச்சு.

கிரேஸ் பானு பேரை விட்டுடாதீங்க. சாதியால ஒரு தடவை, பாலினத்தால ஒரு தடவை ஒதுக்கப்பட்டவங்க, போராடி இன்ஜினியரிங் படிச்சவங்க. திருநர் எல்லாரையும் ஒரே பிற்படுத்தப்பட்ட பட்டியல்ல போட்டா தலித் திருநங்கை தன் எஸ்.சி. இடத்தை இழக்குறா, அதனால ஒவ்வொரு பிரிவுக்குள்ளயும் உள் ஒதுக்கீடா கொடுங்கன்னு வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்காங்க. கர்நாடகா 2021-ல அரசு வேலைல 1 சதவீதம் அப்படிக் கொடுத்துடுச்சு. இங்க இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க.

வரலாறு_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எங்க குரூப்ல இப்பவே ஷேர் பண்ணிட்டேன். இப்படி யோசிச்சிருக்கோம், முதல்ல பூராவும் 1871 சட்டமும், பக்கத்துலயே ஹைதராபாத், கர்நாடகா. அப்புறம் பெர்லின், காம்ப்டன்ஸ், ரீட்டா ஹெஸ்டர். மைக்கேல் டில்லனுக்கு தனி சார்ட், கதிர் அண்ணா, அதை நானே எழுதுறேன். கடைசி நாலு சார்ட் தமிழ்நாடு. வர்ற சனிக்கிழமை நாலு பேர் மதுரை மையத்துக்கு போறோம்.

சித்ராம்மா, போன வருஷம் வந்த அம்மா வீடு எங்க இருக்குன்னு மேடம்கிட்ட கேட்டு வாங்கிட்டோம், போய் உக்காரப் போறோம். ஒண்ணு மட்டும் கேக்கணும், அவங்க பேர்கள் சொன்னா அன்னிக்கு மேடைல யார் வாசிக்கணும்? நாங்க வாசிக்கலாமா?

விழுப்புரம்_சித்ரா:

அவங்களே வாசிக்கட்டும் கண்ணு. எழுத்து தெரியாதுன்னாங்கன்னா பேப்பர் கொடுக்காத, மைக்கை மட்டும் கொடு, அவங்களுக்கு எல்லாப் பேரும் மனப்பாடம். நேரம் ஆகுதுன்னு நடுவுல சீட்டு அனுப்பக் கூடாது, சொல்லிட்டேன். கூட ரெண்டு மூணு பேரைக் கூட்டிட்டு வருவாங்க, முன் வரிசைல நாலு சேர் போட்டு வை. போகும்போது பஸ்ஸுக்கு காசு கொடுக்கிறதை எல்லார் முன்னாடியும் கொடுக்காம கவர்ல போட்டுக் கொடு. அப்புறம் அழுதாங்கன்னா கைதட்டிடாதீங்கன்னு பசங்ககிட்ட முன்னாடியே சொல்லி வை.